அழைப்பிதழில் ‘முனைவர்’ என்று போட்டது குற்றமா?

கடிதம் எழுதியவர் காவிரி டெல்டா மாவட்டம் ஒன்றில், ஒரு கலை அறிவியல் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளர். தமிழ்த்துறை. வயது முப்பத்தெட்டு, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். 2019ல் முனைவர் பட்டத்துக்கு (பிஎச்.டி.) பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்தார். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு 14 மாதம் காத்திருந்தார், போன மாதம்தான் வாய்மொழித் தேர்வு (வைவா) முடிந்தது. பட்டம் வழங்கலாம் என்று தேர்வாளர்கள் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டார்கள், அரங்கில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், நெறியாளர் பொன்னாடை போர்த்தி “இனிமே நீங்க முனைவர்மா” என்றார். புரொவிஷனல் சான்றிதழ், அதாவது பட்டமளிப்பு விழாவுக்குமுன் கொடுக்கும் தற்காலிகச் சான்றிதழ் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

அடுத்த பத்து நாளில் கொழுந்தனார் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அச்சாகியிருக்கிறது. மாமனார் பெருமையோடு மருமகள் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று போட்டுவிட்டார். கூட வேலை பார்க்கும் ஒருவர் அதைப் படம் எடுத்து, பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, துறையின் வாட்ஸ்அப் குழுவில் போட, இரண்டே நாளில் கல்லூரி முதல்வர் அலுவலகத்திலிருந்து மெமோ: “தாங்கள் பெறாத பட்டத்தைப் பெயருக்கு முன் பயன்படுத்தியது குறித்து 7 நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.” இது குற்றமா, ஜெயில் உண்டா, வரவேண்டிய பட்டம் நின்றுபோகுமா என்று கேட்கிறார். தமிழில் ஆய்வு செய்துவிட்டு ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளலாமா, அது மருத்துவர்களுக்கு உரியதில்லையா என்றும் கேட்கிறார். இதற்கு நடுவில் மாமனார் வேறு, “இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு அலையணும், எனக்குக் கொடுத்த அமைப்புலயே சொன்னா ஒரு வாரத்துல டாக்டர் பட்டம் வாங்கித் தந்துடுவாங்க” என்கிறாராம். கடிதத்தின் அடியில், பின்குறிப்பு மாதிரி இன்னொரு வரி. ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு, வைவா முடிந்த அடுத்த வாரமே ஆன்லைனில் விண்ணப்பித்தாராம், அதில் ‘பிஎச்.டி. பெற்றுவிட்டேன்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறாராம். “அது ஒண்ணும் பிரச்சினை இல்லையே?”

அன்புச் சகோதரி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இன்று ராத்திரியாவது தூங்குங்கள். கல்யாண அழைப்பிதழில் ‘முனைவர்’ என்று அச்சானதற்காக உங்களை யாரும் ஜெயிலில் போட முடியாது. வாய்மொழித் தேர்வில் தேறிய ஒருவரின் பட்டத்தை ஓர் அழைப்பிதழுக்காக நிறுத்தி வைக்கவும் எந்தக் காரணமும் இல்லை. நீங்கள் பயப்படுகிற இடத்தில் பயப்பட ஒன்றுமில்லை. பயப்படாமல் ஒரு வரியில் எழுதிக் கடந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த டிக்கைத்தான் சொல்கிறேன். அந்த வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது என்று எழுதியிருந்ததால் அதற்கான பதிலை மட்டும் அன்றைக்கே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். இங்கே முழுசாகச் சொல்கிறேன், உங்களைப் போலவே வைவா முடித்துவிட்டுக் காகிதத்துக்காகக் காத்திருக்கிறவர்கள் நிறைய பேர்.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது என்றால், 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் (யுஜிசி) சட்டத்தில் 22ஆவது பிரிவு பட்டங்களைப் பற்றியது. யார் பட்டம் கொடுக்கலாம் என்பதுதான் அந்தப் பிரிவின் பேச்சு. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம், இவர்களைத் தவிர வேறு யாரும் பட்டம் கொடுக்கவும் கூடாது, கொடுக்க உரிமை உண்டு என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. மீறினால் 24ஆவது பிரிவின்படி ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கவனியுங்கள், இது கொடுப்பவர்மேல் விழுகிற தடை. பெயருக்கு முன்னால் ஒரு சொல்லை முன்கூட்டிப் போட்டுக்கொண்டவரைப் பற்றி அதில் பேச்சில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு, அதாவது முன்பு 420 என்று சொல்லிக்கொண்டிருந்தோமே அந்த ஏமாற்றுதல், அது வரவேண்டுமானால் ஒருவரை ஏமாற்றி, அதை நம்பி அவர் பணமோ பொருளோ கொடுக்கவேண்டும், அல்லது தனக்குக் கேடாக எதையாவது செய்திருக்கவேண்டும். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு யாரும் அப்படி எதையும் இழக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள், அந்த மொய்யும் மாப்பிள்ளைக்குத்தான்.

ஆனால் ‘குற்றமில்லை’ என்பதும் ‘சரிதான்’ என்பதும் ஒன்றில்லை. அதைப் புரிந்துகொள்ள அந்தச் சொல்லையே கொஞ்சம் பார்க்கவேண்டும். கடிதத்தில் நீங்களே கேட்டிருக்கிறீர்கள், “முனைவர்னா என்ன அர்த்தம்னே யோசிக்காம இத்தனை வருஷம் அதுக்காக ஓடியிருக்கேன்” என்று.

முனைவரும் டாக்டரும்

தமிழ் படித்தவர் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, தொல்காப்பிய மரபியலில் ‘வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதல்நூல் ஆகும்’ என்று வருகிறது. அங்கே முனைவன் என்பதற்கு இறைவன் என்றே உரை சொல்வார்கள். எல்லோருக்கும் முன்னே நிற்பவன், யாரையும் பார்த்து எழுதாமல் முதன்முதலாக ஒரு நூலைக் கண்டவன். ஆய்வேட்டில் “இது என் சொந்த ஆய்வு, இதற்குமுன் வேறு எந்தப் பட்டத்துக்கும் அளிக்கப்படவில்லை” என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டீர்களே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வரும். புதிதாக ஒன்றைக் கண்டேன் என்பதுதானே அந்த உறுதிமொழி. முனை என்றால் நுனி, கூர், போர் நடக்கும் இடம். முனைதல் என்றால் ஒன்றில் ஊன்றி முயலுதல். முனைப்பு, தொழில்முனைவோர் எல்லாம் அந்த வேரில் வந்தவைதான். பிஎச்.டி. என்பதற்குத் தமிழில் இந்தச் சொல்லைப் பிடித்தவர்கள் நன்றாகத்தான் பிடித்திருக்கிறார்கள். இலங்கைத் தமிழர்கள் இதையே கலாநிதி என்பார்கள், அங்கிருந்து வரும் கட்டுரையில் ‘கலாநிதி’ என்று பார்த்தால் நம்மவர்கள் பெயர் என்று நினைத்துவிடுவதுண்டு.

டாக்டர் என்ற சொல்லுக்கு வருகிறேன். அது லத்தீனில் ‘கற்பித்தல்’ என்ற வினையிலிருந்து வந்தது. டாக்டர் என்றால் ஆதியில் ஆசிரியர். ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் அது கற்பிப்பதற்குக் கிடைத்த தகுதியின் பெயர். மருத்துவர்கள் அந்தச் சொல்லுக்குள் வந்தது அப்புறம்தான். எம்.பி.பி.எஸ். என்பதை விரித்துப் பாருங்கள், அது மருத்துவத்திலும் அறுவையிலும் இளநிலைப் பட்டம். அவர்களை டாக்டர் என்று அழைப்பது நெடுநாள் வழக்கம், மரியாதைக்குரிய வழக்கம், அதில் சண்டைக்கு ஒன்றுமில்லை. ஆனால் ‘அது அவங்களோடது, நான் எடுத்துக்கிட்டா தப்பாயிடுமோ’ என்று நீங்கள் கூசவேண்டியதும் இல்லை. முனைவர் பட்டம் பெற்றவர் டாக்டர் என்றும் போடலாம், முனைவர் என்றும் போடலாம், இரண்டும் ஒரே பட்டத்தின் இரண்டு பெயர்கள். மருத்துவம் பார்க்கிற மாதிரித் தோற்றம் வரக்கூடாது, அவ்வளவுதான். பதிவு இல்லாமல் மருத்துவம் பார்ப்பது வேறு விஷயம், 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் அதற்கு ஓராண்டு வரை சிறையோ 5 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ இருக்கிறது. வகுப்பில் ஒரு பெண் “மேடம், நீங்க ஊசி போடுவீங்களா?” என்று கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த தடவை அவளை உட்காரவைத்து, டாக்டர் என்ற சொல்லுக்கு முதல் பொருள் வாத்தியார்தான் என்று சொல்லுங்கள். நல்ல கேள்வி கேட்ட பிள்ளை அவள், பதிலையும் மறக்கமாட்டாள்.

இரண்டையும் சேர்த்து ‘முனைவர் டாக்டர்’ என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள், முன்னால் முனைவர் பின்னால் பிஎச்.டி. என்று இரண்டு பக்கமும் காவல் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு பட்டத்தை ஒருமுறை சொன்னால் போதும். பேராசிரியர் என்பது பட்டமில்லை, பதவி. முனைவர் ஆனதும் தானாக வந்துவிடாது, பதவி போனாலும் முனைவர் போகாது.

இந்தச் சொல்லுக்கு நம் நாட்டில் இன்னொரு மதிப்பும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்தது. ராவ் பகதூர், திவான் பகதூர் காலம் அதோடு முடிந்தது. ஆனால் அதே வரியில் இரண்டு விலக்கு: ராணுவச் சிறப்பும் கல்விச் சிறப்பும். பத்ம விருதுகளைக்கூடப் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995ல் தெளிவாகச் சொன்னது. பாரத ரத்னா வாங்கியவருக்கும் அதே விதிதான். ஆனால் ஒரு சின்ன ஊரில், இரண்டு பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து அடிக்குறிப்பு சரிபார்த்த ஒரு பெண், தன் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளலாம். குடியரசு அதற்கு இடம் விட்டிருக்கிறது. அதனால்தான் அந்தச் சொல்லை உரிய நாளுக்குமுன் எடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். மதிப்பில்லாத சொல்லாக இருந்தால் நாளைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

சரி, எந்த நாளிலிருந்து முனைவர்?

இங்கேதான் இரண்டு பக்கத்திலும் தப்பான நம்பிக்கை இருக்கிறது. வைவா முடிந்து கைதட்டியதுமே முனைவர் என்று ஒரு கூட்டம். பட்டமளிப்பு விழாவில் அங்கி போட்டுக் கையில் வாங்கினால்தான் முனைவர், அதுவரைக்கும் இல்லை என்று இன்னொரு கூட்டம். உங்கள் சகப் பணியாளர் இரண்டாவது கட்சி போலிருக்கிறது. இரண்டும் சரியில்லை.

வைவாவில் தேர்வாளர்கள் செய்வது பரிந்துரை. பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகம், தேர்வாளரோ நெறியாளரோ கிடையாது. அந்தப் பரிந்துரையைப் பல்கலைக்கழகம் ஏற்று ஆணை பிறப்பிக்கவேண்டும். விழா நடக்கும்வரை காத்திருக்க முடியாது என்பதால்தான், நீங்கள் பதிவு செய்தபோது நடைமுறையில் இருந்த மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு பிஎச்.டி. ஒழுங்குமுறையிலும் அதற்கப்புறம் வந்த 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலும் புரொவிஷனல் சான்றிதழ் கொடுக்கவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காகிதம் வந்துவிட்டால் விழாவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அதில் பட்டம் எந்தத் தேதியிலிருந்து என்று போட்டிருப்பார்கள். சில இடங்களில் அது வைவா நடந்த தேதியாகவோ மறுநாளாகவோ இருக்கும், சில இடங்களில் ஆட்சிக்குழு ஏற்ற தேதி, சில இடங்களில் அறிவிக்கை வந்த தேதி. உங்கள் பல்கலைக்கழக விதியை எடுத்துப் பாருங்கள். வைவா தேதியிலிருந்தே என்று இருந்தால், அழைப்பிதழ் அச்சான நாளில் நீங்கள் முனைவர்தான், காகிதம் மட்டும்தான் பிந்தி வருகிறது. மெமோவுக்கான பதிலின் பாதி பலம் அந்த ஒரு விதியில் இருக்கிறது.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருவதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டைக் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீட்டை முடிக்கிற மாதிரி ஏற்பாடு செய்யவேண்டும் என்று அதே ஒழுங்குமுறை சொல்கிறது. உங்களுக்குப் பதினான்கு மாதம் ஆகியிருக்கிறது. அந்த எட்டு மாதத் தாமதத்துக்கு யாரும் யாருக்கும் மெமோ கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் முந்தியதற்கு உங்களுக்கு வந்துவிட்டது.

மெமோவுக்கு என்ன எழுதுவது

ஏழு நாளுக்குள் கண்டிப்பாக எழுத்தில் பதில் கொடுங்கள். “நேர்ல சொல்லிட்டேன் சார், சரின்னுட்டார்” என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் கௌரவ விரிவுரையாளர், நிரந்தரப் பணியாளருக்கு இருக்கிற பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. நாளைக்கு வேலையைப் புதுப்பிக்கும்போது கோப்பில் மெமோ மட்டும் இருந்து உங்கள் பதில் இல்லாவிட்டால் அது உங்களுக்கு எதிராகப் பேசும். பதிலைத் தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிலில் பொய் ஒன்றுகூட வேண்டாம். “எனக்குத் தெரியாமல் மாமனார் போட்டுவிட்டார்” என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதே கடிதத்தில், அழைப்பிதழின் புரூஃபை மாமனார் போனில் காட்டியதும், உங்கள் பெயரைப் பெரிதாக்கிப் பார்த்ததும், ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்ததும் இருக்கிறதே. அதைப் படித்தபோது எனக்கு மனசு இளகிவிட்டது. ஏழு வருஷ உழைப்பை முதன்முதலாக அச்சில் பார்த்த பெண் “வேண்டாம் மாமா, எடுத்துடுங்க” என்று சொல்லவில்லை, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் ‘தெரியாது’ என்று எழுதினால் அது பொய். அந்த புரூஃப் மாமனாரின் போனில் இன்னும் இருக்கும். இப்படி எழுதுங்கள்:

“எனது வாய்மொழித் தேர்வு இந்தத் தேதியில் நிறைவடைந்து, பட்டம் வழங்கத் தேர்வாளர்கள் பரிந்துரைத்துள்ளனர். அதன் நகலை இணைத்துள்ளேன். குடும்பத் திருமண அழைப்பிதழில் என் பெயருக்கு முன் ‘முனைவர்’ என அச்சிடப்பட்டதை நான் அறிவேன். தேர்வு முடிந்த நிலையில் அது பொருந்தும் எனக் கருதினேன். கல்லூரிப் பதிவேடு எதிலும், அலுவலகக் கடிதம் எதிலும் நான் அவ்வாறு எழுதவில்லை. புரொவிஷனல் சான்றிதழ் கிடைத்ததும் நகலைச் சமர்ப்பிக்கிறேன். அதுவரை அப்பட்டத்தைப் பயன்படுத்த மாட்டேன்.”

இவ்வளவுதான். கூட வேலை பார்ப்பவரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், அவர் யாரிடம் என்ன பேசினார், அவருக்கு ஆய்வு எந்த நிலையில் நிற்கிறது என்பதெல்லாம் இந்தக் காகிதத்துக்கு வெளியே. மானநஷ்ட வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அச்சில் இருந்ததைத்தான் அவர் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். வழக்கு நிற்காது, உங்கள் நிம்மதிதான் போகும். ‘கல்லூரிப் பதிவேடு எதிலும் எழுதவில்லை’ என்ற வரியை எழுதுவதற்கு முன்னால் மட்டும் உண்மையிலேயே இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேடு, துறைப் பெயர்ப் பலகை, கருத்தரங்க அழைப்பு எல்லாவற்றையும் பாருங்கள். எங்காவது போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அந்த டிக்

இப்போது முக்கியமான இடம். அழைப்பிதழை நம்பி யாரும் எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை. வேலை விண்ணப்பம் அப்படியில்லை. அதில் நீங்கள் போடுகிற ஒவ்வொரு டிக்கையும் நம்பித்தான் உங்களை யாருக்கு மேலே வைப்பது, யாருக்குக் கீழே வைப்பது என்று முடிவு செய்கிறார்கள். அடியில் ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை, தவறெனத் தெரியவந்தால் எந்த நிலையிலும் நியமனத்தை ரத்து செய்யலாம்’ என்று ஒரு உறுதிமொழி இருந்திருக்கும். நாம் யாரும் அதைப் படிப்பதில்லை, ஆனால் கையெழுத்து நம்முடையது. வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் கழித்துக்கூட அந்த வரியைக் காட்டி வீட்டுக்கு அனுப்ப முடியும்.

இன்னொன்று, தகுதியை எந்த நாளை வைத்துப் பார்ப்பார்கள் என்பது. விளம்பரத்தில் வேறு தேதி சொல்லாவிட்டால் விண்ணப்பிக்கக் கடைசி நாள்தான் கணக்கு. ராஜஸ்தான் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் தேர்வு தொடர்பான ரேகா சதுர்வேதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993லேயே இதைச் சொன்னது, அதற்கப்புறமும் பலமுறை சொல்லியிருக்கிறது. “நேர்காணலுக்குள்ள சான்றிதழ் வந்துடும்” என்ற கணக்கு அதனால் செல்லாது. கடைசி நாளன்று பட்டம் உங்களுடையதா என்பதுதான் கேள்வி.

பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நேரில் போய், புரொவிஷனல் எப்போது வரும், அதில் என்ன தேதி இருக்கும் என்று கேளுங்கள். கடைசி நாளுக்குமுன் உள்ள தேதியோடு கிடைத்துவிட்டால் உங்கள் டிக் உண்மையாகிவிடும், பிரச்சினை முடிந்தது. கிடைக்காது என்று தெரிந்தால் இணையதளத்தில் திருத்தும் வசதியைப் பயன்படுத்தி ‘ஆய்வேடு சமர்ப்பித்து வாய்மொழித் தேர்வு நிறைவு, சான்றிதழ் எதிர்பார்க்கப்படுகிறது’ என்று மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலும், சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதமும் அனுப்புங்கள். “நானே போய்ச் சொன்னா மாட்டிக்கிட்ட மாதிரி ஆகாதா?” என்று கேட்காதீர்கள், கேட்பீர்கள் என்று தெரியும். யாரும் கண்டுபிடிக்குமுன் நீங்களே திருத்தினால் அது பிழைதிருத்தம். மூன்றாம் ஆள் மனுப்போட்டு வெளியே வந்தால் அது மோசடிக் குற்றச்சாட்டு. உங்கள் துறையிலேயே சிவப்பு வட்டம் போடத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், மறந்துவிடாதீர்கள்.

திருத்தினால் என்ன போகும் என்று பார்த்தால், பெரிதாக ஒன்றும் போகாது. நீங்கள் செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேறியவர். உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது மாநில அளவிலான செட் அல்லது ஸ்லெட் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை என்று மானியக் குழு 2023ல் திருத்தம் கொண்டுவந்துவிட்டது. முனைவர் பட்டத்துக்கான கூடுதல் மதிப்பெண் மட்டும் இந்தமுறை கிடைக்காமல் போகலாம்.

புரொவிஷனல் இன்னும் இழுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள்: என் வைவா அறிக்கை எந்தத் தேதியில் வந்தது, இப்போது கோப்பு எந்த மேசையில் இருக்கிறது. 30 நாளுக்குள் பதில் சொல்லவேண்டும். பல சமயம் பதிலுக்குமுன் சான்றிதழே வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாமனாரின் ஒரு வாரப் பட்டம்

உங்கள் மாமனாரைப் பற்றி மரியாதையோடுதான் சொல்கிறேன், மருமகளின் படிப்பை அழைப்பிதழில் போட்டுப் பெருமைப்படுகிற மாமனார் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அவர் சொல்லும் வழி வேண்டவே வேண்டாம்.

கௌரவ டாக்டர் பட்டம் என்பது உண்மையிலேயே பெரிய விஷயம். உ.வே.சாமிநாதையரை எடுத்துக்கொள்ளுங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், கல்லூரிப் பட்டம் எதுவும் வாங்கியவரில்லை. சீவகசிந்தாமணியை 1887லும் சிலப்பதிகாரத்தை 1892லும் புறநானூற்றை 1894லும் பதிப்பித்தார், 1932ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. பெசன்ட் நகரில் இருக்கும் அவர் நூலகத்தின் பெயரில் இன்றும் டாக்டர் இருக்கிறது. அங்கே பல்கலைக்கழகம் ஒன்று, தன் சட்டத்தில் உள்ள அதிகாரத்தின்படி, ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கு மரியாதை செய்தது. உங்கள் மாமனாருக்குக் கொடுத்தது ஓர் அறக்கட்டளை என்று எழுதியிருக்கிறீர்கள், ஹோட்டல் அரங்கில் விழா, ‘பதிவுக் கட்டணம்’ பதினைந்தாயிரம். அறக்கட்டளை எதுவும் பட்டம் கொடுக்க முடியாது, 22ஆவது பிரிவு தடுக்கிறது என்று மேலே சொன்னேனே, அது இதற்குத்தான். அந்தச் சட்டத்தில் தப்பு கொடுத்தவர்கள்மேல்தான், உங்கள் மாமனார் பணம் கொடுத்து ஏமாந்தவர். அவரிடம் அதை அப்படியே சொல்லாமல், மெதுவாக, ‘இதை லெட்டர்பேடிலும் வங்கிப் படிவத்திலும் போடவேண்டாம் மாமா’ என்று மட்டும் சொல்லிப்பாருங்கள். பல்கலைக்கழகம் கொடுக்கும் உண்மையான கௌரவ டாக்டர்கூட வேலைக்கோ பதவி உயர்வுக்கோ கல்வித்தகுதியாக எடுபடாது. போலியைச் சொல்லவேண்டியதே இல்லை. உங்கள் கோப்பில் அப்படி ஒரு காகிதம் தப்பித்தவறிச் சேர்ந்தால், நீங்கள் வியர்வை சிந்தி வாங்கும் பட்டத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

ஒரு சொல் எப்படியெல்லாம் திரும்புகிறது பாருங்கள். அவருக்கும் ‘கௌரவ’, உங்களுக்கும் ‘கௌரவ’. அவர் கௌரவ டாக்டர், நீங்கள் கௌரவ விரிவுரையாளர். ஒன்றில் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார், இன்னொன்றில் ஒன்பது வருஷம் முழு வேலை பார்த்துவிட்டுத் தொகுப்பூதியம் வாங்குகிறீர்கள்.

சான்றிதழ் வருகிறவரை பெயருக்கு முன்னால் ஒன்றும் வேண்டாம். கேட்கிறவர்களிடம் ‘ஆய்வேடு கொடுத்தாச்சு, வைவா முடிஞ்சது, சான்றிதழ் வரணும்’ என்று சொல்லுங்கள், கட்டுரைகளில் ‘முனைவர் பட்ட ஆய்வாளர்’ என்று போடுங்கள், இரண்டுமே உண்மை. கையில் வந்ததும் கல்லூரியில் ஒரு நகல் கொடுத்துப் பணிப்பதிவில் ஏற்றச் சொல்லுங்கள், ஏற்றிவிட்டார்களா என்று ஒரு வாரம் கழித்து நீங்களே போய்ப் பாருங்கள். அப்புறம் அந்தத் துறைப் பெயர்ப் பலகையை மாற்ற பெயிண்டருக்குச் சொல்லிவிடலாம். மெமோவுக்கான பதிலை அனுப்புமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.